பதினேழாம் எண் கேஸ் ஷீட்டில் திரும்பி வந்த பெயர்

ஓய்வூதியத் தாள் ஒன்றில் கையெழுத்து வாங்குவதற்காக, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு செக்‌ஷனுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். இப்போது அங்கே காகிதமே கண்ணில் படுவதில்லை. பொறுப்பிலிருக்கும் இளைஞர் கிரீஷ் என்னை உட்கார வைத்துக் காபி வரவழைத்தார். மாணவர்களின் பயிற்சிக்காக நோயாளிகளின் விவரங்களை எப்படித் தயார் செய்கிறார்கள் என்று கம்ப்யூட்டரில் காட்டினார். ஒரு பொத்தானை அழுத்தினார். பெயர், தந்தை பெயர், முகவரி எல்லாம் போய், அந்த இடங்களில் வெறும் கோடுகள் நின்றன.

"நீங்கல்லாம் அந்தக் காலத்துல எப்படி சார் பண்ணீங்க?"

"மை தடவினோம்."

அவர் சிரித்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன். கிளம்பும்போது மாணவர் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதுகிறேன். வேலையில் சேர்ந்த நாள் முதல் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. வருடங்களையும் மாதங்களையும் அவற்றைப் பார்த்தே குறிப்பிடுகிறேன். ஆனால் நோயாளியின் பெயர், தந்தை பெயர், பேட்டை, உடம்பிலிருந்த அடையாளம் ஆகிய நான்கையும் மாற்றியிருக்கிறேன். மாணவியின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அவர் படித்துப் பார்த்து, அனுப்பலாம் என்று சொன்ன பிறகே இது உங்களுக்கு வருகிறது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஹலசூரில் பிறந்தவன். பி.எஸ்ஸி. முடித்து, தட்டச்சு ஹையர் பாஸ் செய்து, ஆஸ்பத்திரி அட்மிஷன் கவுண்டரில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். நான்கு வருடம் கழித்து ரெக்கார்டு செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். மாலை நேரப் படிப்பாக ஒரு டிப்ளமா. பிறகு எங்கள் செக்‌ஷனின் தலைவர் லோபோ மேடம். நான் படித்தது என்று சொல்லத்தக்கது அவரிடம்தான்.

லோபோ மேடத்துக்கு மங்களூர். நெடுநெடுவென்று உயரம், எப்போதும் சாம்பல் நிற காட்டன் புடவை. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுவார். ரெக்கார்டு செக்‌ஷனுக்குள் அவர் ஒரு நோயாளியின் பெயரைக்கூட உச்சரித்து நான் கேட்டதில்லை. கேஸ் ஷீட்டின் கடைசி இரண்டு இலக்கங்களைத்தான் சொல்வார். "நாற்பத்தொண்ணு வார்டுக்குப் போயிருக்கு. எண்பதைக் கொண்டா." கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவில் நடக்கும்போது, பெயர் எழுதிய பக்கம் நெஞ்சோடு ஒட்டியிருக்கும்படி அணைத்துக்கொள்வார். லிஃப்டில் யாராவது வணக்கம் சொன்னாலும் கை எடுக்க மாட்டார். தலையை மட்டும் அசைப்பார்.

ஒரு முறை கேன்டீனில் கேஷியர் ராமண்ணா அக்கறையாகக் கேட்டார்: "ஏன் மேடம், உங்க அண்ணனை நேத்து இங்கேயே அட்மிட் பண்ணியிருக்காங்களாமே?"

"எனக்குத் தெரியாது ராமண்ணா."

"உங்க அண்ணன் மேடம்."

"தெரியாதுன்னேன் இல்லையா? சில்லறை கொடுங்க."

அவர் கையில் அண்ணனுக்கு வாங்கிய இட்லிப் பொட்டலம் இருந்தது. அதையும் நான் பார்த்தேன். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. அன்றிரவு இதை நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

1991-ல் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மெடிக்கல் ரெக்கார்டு டெக்னீஷியன் படிப்பு தொடங்கினார்கள். என்னை ஆசிரியராகப் போட்டார்கள். பயிற்சிக்கு நிஜமான கேஸ் ஷீட்டுகள் வேண்டும் என்று நான் கேட்டேன். லோபோ மேடம் வெற்றுப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தால் போதும் என்றார். போதாது. டாக்டர்களின் கையெழுத்தை யாராலும் ஜோடிக்க முடியாது. ஒரு நர்ஸ் களைத்துப்போன நேரத்தில் காய்ச்சல் சார்ட்டில் புள்ளியைத் தவறான கட்டத்தில் வைப்பாள். மாணவன் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இதையெல்லாம் மூன்று பக்க மனுவாக எழுதிக் கொடுத்தேன். கடைசியில் ஒப்புக்கொண்டார். வைத்திருக்க வேண்டிய கெடு முடிந்து, அழிப்பதற்காக ஒதுக்கிய பழைய கட்டுகளிலிருந்து நாற்பது கேஸ் ஷீட்டுகள்.

"பேரை என்ன செய்வே?" என்று கேட்டார்.

"மறைச்சிடுவேன் மேடம்."

"மறைக்காதே. பிளேடு வெச்சு வெட்டி எடு."

அந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். என் கை வெட்ட மறுத்தது. இதை வெளியாட்கள் புரிந்துகொள்வது கடினம். இருபது வருடம் காகிதம் கிழியாமல் காப்பாற்றுவதற்காகச் சம்பளம் வாங்கியவன் நான். ஓரம் நைந்த தாளுக்கு மெல்லிய காகிதம் ஒட்டி உயிர் கொடுத்தவன். பிளேடை எடுத்து ஒரு முகப்புத் தாளில் ஓட்டை போடுவதென்றால், நல்ல நாய்க்குட்டியின் காதை அறுப்பது போல இருந்தது. படிவம் முழுசாக இருந்தால்தான் மாணவர்களுக்குப் புரியும் மேடம் என்று வாதாடினேன். உண்மையில் அது வாதம் இல்லை, சாக்கு.

கருப்புப் பேனா மையும் மெல்லிய தூரிகையும் எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு பிற்பகல்கள். ஒவ்வொரு தாளின் தலையிலும் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி, ஆஸ்பத்திரி எண் என்று ஒவ்வொன்றாக மையால் மூடினேன். மேல் அட்டைகளில் பெயர் பெரிதாக இருந்ததால் அவற்றை அடியோடு கழற்றி எறிந்தேன். நாற்பது கட்டுகளுக்கும் ஒன்று முதல் நாற்பது வரை பயிற்சி எண் கொடுத்தேன். வகுப்பறை இரண்டாம் மாடியில், மேற்குப் பக்கம். ஜன்னலுக்குக் கீழே நீளமான மேஜை. அதன்மேல் அட்டையில்லாத நாற்பது கட்டுகளையும் வரிசையாக, முகப்புத் தாள் மேலே தெரிய வைத்தேன். எனக்கு அந்த வரிசை மிகவும் பிடித்திருந்தது.

ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் ஒரே வாக்கியத்தைச் சொல்வேன்: "இந்த மேஜையில் ஆட்கள் யாரும் இல்லை. எண்கள் மட்டும்தான் இருக்கின்றன." மாணவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

ஆறு ஆண்டுகள் அப்படியே போயின. பிற்பகல் இரண்டு மணிக்கு ஜன்னல் வழியாக வெயில் இறங்கி, ஐந்து மணிவரை மேஜையின்மேல் கிடக்கும்.

1996 நவம்பரில் நடந்ததை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. நாட்குறிப்பில் இரண்டு வரிதான் இருக்கிறது. வகுப்புக்குச் சற்று முன்னதாகப் போய்விட்டேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பிள்ளைகள் கேஸ் ஷீட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன குரு, இன்னைக்கு உனக்கு யாரு?"

"எனக்கு நாகரத்னம்மா. போன வாரமும் அவங்கதான். என்னை விட்டுப் போக மாட்டேங்கறாங்க."

"எனக்கு கலீல் பாய் மச்சா. பாவம், மஞ்சக்காமாலை."

"தெரேசம்மாவை யாரும் தொடாதீங்க. அவங்க எனக்கு."

"ஏன், சொத்து எழுதி வெச்சிருக்காங்களா?"

சிரிப்பு. நான் உள்ளே நுழைந்ததும் அடங்கியது. எண்களுக்குப் பட்டப்பெயர் வைத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். கேஸ் ஷீட்டுக்குப் பெயர் சூட்டக்கூடாது, அதுவும் ஒரு மரியாதைக் குறைவு என்று ஐந்து நிமிடம் புத்தி சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையைத் திமிர் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறு வருட வகுப்பில் சுகந்தி சேர்ந்தாள். ஹெப்பகோடியிலிருந்து வருவாள்; காலையில் இரண்டு பஸ். அப்பா அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அக்கா சாந்திக்கு நிச்சயதார்த்தம் முடிந்து, ஆவணியில் கல்யாணம் என்று எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தாள். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். நான் ஒரு வருடத்தில் சொல்லிக் கொடுப்பதை இரண்டு மாதத்தில் பிடித்துக்கொள்ளும் புத்தி.

1997 ஜூலை, ஒரு புதன்கிழமை. நோய்க்கு உலகப் பொதுக் குறியீட்டு எண் போடும் பயிற்சி. சுகந்திக்குப் பதினேழாம் எண் கட்டு வந்தது. 1980-ல் சேர்க்கப்பட்ட பதினொரு வயதுப் பையன். திரும்பத் திரும்ப வலிப்பு. எளிய கேஸ்; பத்து நிமிட வேலை. அரை மணி கழித்துப் பார்க்கிறேன், அவள் தாளில் ஒன்றுமே எழுதவில்லை. முகப்புத் தாளை ஜன்னல் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெயில் அவள் விரல்களுக்கிடையே விழுந்தது. மற்றப் பிள்ளைகள் எழுதும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் மூச்சு விடுகிறாளா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது.

"என்னம்மா, எண் கிடைக்கலையா?"

"கிடைச்சிடுச்சு சார்" என்றாள். தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

வியாழனும் வெள்ளியும் வரவில்லை. திங்கட்கிழமை மதியம், நான் தனியாக இருக்கும்போது வந்து மேஜைக்கு எதிரே நின்றாள்.

"சார், பதினேழாம் நம்பர் பையன் இப்ப எங்க இருக்கான்?"

"அது பையன் இல்லைம்மா. எண்."

"தேவராஜ். அப்பா பேரு ஆறுமுகம். ஓகலிபுரம்." அவள் குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை. "எங்க அக்காவைக் கட்டிக்கப் போறவர் பேரு தேவராஜ் சார். அப்பா ஆறுமுகம். பீன்யாவுல லேத் வேலை. அதுக்கு முன்னாடி ஓகலிபுரத்துல குடியிருந்தாங்களாம். வயசு இருபத்தெட்டு. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன்."

கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். அவள் எப்படிப் பெயரைப் படித்தாள் என்பதே எனக்கு முதலில் புரியவில்லை.

"நர்ஸ் நோட்டுல இடது முழங்கைக்குக் கீழ தீக்காயத் தழும்புன்னு எழுதியிருக்கு. வலிப்பு வந்து அடுப்பு மேல விழுந்தானாம். பொண்ணு பாக்க வந்தப்போ ஏப்ரல் மாசம் சார். எங்க வீட்டுல ஃபேன்கூட ஓடல, கரண்ட் இல்ல. அவரு முழுக்கை சட்டை பட்டன் போட்டு உக்காந்திருந்தாரு. எங்க சித்தப்பா ரெண்டு தடவை சொன்னாரு, மாப்ள கையை மடிச்சு விட்டுக்கங்கன்னு. அவரு மடிக்கல."

பிறகு அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதி வைத்திருக்கிறேன்: "நீங்க யாரு என்னன்னு எதுவும் சொல்ல வேணாம் சார். அவரு இல்லன்னா, இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவருதான்னா பேசாம இருந்துடுங்க. நாளைக்கு வர்றேன்."

அவள் போன பிறகு மேஜைக்குச் சென்று பதினேழாம் கட்டை எடுத்தேன். வெயில் நேராக அடித்தது. ஆறு வருட வெயிலில் என் கருப்பு மை தேநீர்க் கறையின் நிறத்துக்கு வந்திருந்தது. அதற்கடியில், குளத்துத் தண்ணீருக்குள் கிடக்கும் கூழாங்கற்கள் போல, எழுத்துகள். அட்மிஷன் கவுண்டரில் டைப் அடித்த எழுத்துகள். தட்டச்சு ரிப்பனின் கரி மை வெயிலுக்கு அசையாது. பேனா மை அசையும். டைப்பிஸ்டாக வாழ்க்கையைத் தொடங்கிய எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 1980-ல் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர்களின் பாணி எனக்குத் தெரியும். 'ர' எழுத்து சற்று மேலே ஏறியிருந்த அந்தக் கன்னட டைப்ரைட்டரும் நினைவிருந்தது. பெயர் முழுவதும் தெரிந்தது. எண் தெரிந்தது.

அடுத்த கட்டை எடுத்தேன். அதற்கடுத்தது. நாகரத்னம்மா, கணவர் பெயரோடு. கலீல், சிவாஜிநகர். பேறுகால வார்டில் இருந்த தெரேசம்மா. பிள்ளைகள் பட்டப்பெயர் வைக்கவில்லை. யாரும் இல்லை என்று நான் வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்த மேஜையில் நாற்பது பேர் முகம் மேலே பார்க்கப் படுத்திருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் நான்தான் அவர்களுக்கு மிக அருகில் நின்றேன். ஆனால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

லோபோ மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பழைய வாதத்தை நினைவுபடுத்தவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்லப் போறே மாணிக்கம்?"

"அதைத்தான் மேடம் கேக்க வந்தேன். வேற ஆளா இருந்தா, இல்லைன்னு சொல்லிடலாமே. ஒரு கல்யாணம்."

"சொல்லக்கூடாது."

"அவன் இல்லைன்னு சொல்றதுல யாரோட ரகசியம் போகுது மேடம்?"

"நோடு, இங்க பாரு மாணிக்கம். இன்னைக்கு நீ இல்லைன்னு சொல்வே. நாளைக்கு இன்னொருத்தி வந்து இதே மாதிரி கேப்பா. அன்னைக்கு நிஜமா அந்த ஆளா இருப்பான். நீ வாயை மூடிக்கிட்டு நிப்பே. அப்போ உன் மௌனமே சொல்லிடும். ஒரு தடவை இல்லைன்னு சொன்னவனோட மௌனத்துக்கு அதுக்கப்புறம் ஒரே அர்த்தம்தான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இன்னொண்ணு. நீ போய் அவன் பேர் அட்டையைப் பாக்காதே. பாத்தா உன் முகத்துக்குத் தெரிஞ்சுடும். அது போதும் அவளுக்கு."

நான் பார்த்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தக் காலத்தில் ஒரு நோயாளி எத்தனை முறை சேர்ந்தாலும் ஒவ்வொரு முறையும் புது எண், புது கேஸ் ஷீட். ஒரே ஆளின் எண்கள் எல்லாம் ஒன்றுசேர்வது பெயர் அட்டையில் மட்டும்தான். உள்ளங்கை அளவு அட்டைகள். மர இழுப்பறைகளில் அகர வரிசையில் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை, எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் அந்த இழுப்பறையை இழுத்தேன். தேவராஜ்கள் ஒரு சாண் அகலத்துக்கு இருந்தார்கள். தந்தை ஆறுமுகம் என்றே ஏழு அட்டைகள். பதினேழாம் கட்டின் எண்ணை வைத்துத் தேடினேன். ஐந்தாவது அட்டை.

மூன்று எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. 1980. 1982. 1983. மூன்றாவது எண்ணுக்கு எதிரே, யாருடையதோ நேர்த்தியான கையெழுத்தில், சிவப்புப் பென்சிலால் ஒரு சிறு கோடு. அந்தக் கோட்டின் பொருள் எங்கள் செக்‌ஷனில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பையன் பதினான்கு வயதில் இறந்துவிட்டான். இங்கேயே, எங்கள் வார்டில்.

அப்படியென்றால் பீன்யாவில் லேத் ஓட்டும் தேவராஜ் வேறு ஆள். உயிரோடு இருக்கிற, கல்யாணத்துக்குக் காத்திருக்கிற, முழுக்கைச் சட்டை போட்ட, யாரோ ஒரு தேவராஜ்.

இழுப்பறையை மூடினேன். அதன் பித்தளைப் பிடி ஜில்லென்று இருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

பிற்பகல் சுகந்தி வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன்; உட்காரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'இல்லை' என்ற சொல் என் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. நாக்கைச் சற்றே அசைத்தால் போதும்.

"என்னால் எதுவும் சொல்ல முடியாதும்மா. அவர்தான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. நான் பேசாமல் இருப்பதற்கு எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ளாதே" என்றேன். இந்த வாக்கியத்தை முந்தின இரவே எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் ஒப்பிப்பது போல அது வெளியே வந்தது.

"சரி சார்" என்றாள். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினாள். "இல்லைன்னா நீங்க சொல்லியிருப்பீங்க. நீங்க நல்லவரு."

அப்போதும் நான் சொல்லவில்லை.

அது விதிக்காகவா, பயத்துக்காகவா என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இல்லை என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். அட்டையைப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். மை மங்கியதைச் சொல்ல வேண்டும். விஷயம் மேலே போகும், படிப்பையே மூடுவார்கள். இவை எல்லாம் அந்த நிமிடத்தில் என் மனதில் ஓடின. விதியும் ஓடியது. இரண்டும் ஒரே திசையில் ஓடியதால் எது எதைத் தள்ளியது என்று சொல்வதற்கில்லை.

வெள்ளிக்கிழமை நானும் லோபோ மேடமும் வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது கட்டுகளையும் வெட்டினோம். அவர் அளவுகோல் வைத்துப் பிடிக்க, நான் பிளேடு போட்டேன். இந்த முறை கை மறுக்கவில்லை. தாள்களில் எல்லாம் ஒரே இடத்தில் நீள்சதுர ஓட்டைகள் விழுந்தன. ஒரு கட்டை எடுத்து நிமிர்த்திப் பிடித்தால், 'நோயாளியின் பெயர்' என்று அச்சடித்திருந்த இடத்தின் வழியாக எதிரே மேடத்தின் கண் தெரிந்தது. வெட்டிய துண்டுகளை எண்ணி, பாய்லர் ரூமுக்கு நாங்களே கொண்டுபோய்ப் போட்டோம். திரும்பி வரும்போது அவர் ஒன்று கேட்டார்.

"போய் பாத்தியா?"

"இல்ல மேடம்."

என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். அப்புறம் ஒருபோதும் கேட்கவில்லை.

சாந்தியின் கல்யாணம் நின்றுபோனது. ஆகஸ்டில் சுகந்தியே வந்து சொன்னாள், ஏதோ லீவ் லெட்டர் கொடுப்பது போல. அப்பாவிடம் மட்டும் சொன்னாளாம். மாப்பிள்ளை வீட்டுக்கு ஜாதகத்தில் தோஷம் என்று சொல்லியனுப்பினார்களாம். அவர்கள் இரண்டு முறை ஹெப்பகோடிக்கு வந்து காரணம் கேட்டார்களாம். இரண்டு முறையும் அதே தோஷம். வலிப்பை அன்றைய இந்துத் திருமணச் சட்டமே ஒரு தடையாக எழுதி வைத்திருந்தது. அந்தச் சொல் நீக்கப்பட்டது 1999-ல்தான். எனவே அந்த அப்பாவை நான் குறை சொல்லவில்லை. பதினான்கு வருடத்துக்கு முன்பு இறந்துபோன ஒரு சிறுவன் நடுவே வந்து நின்று ஒரு கல்யாணத்தை நிறுத்தினான். அவனைக் கூப்பிட்டுக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான்.

அதன் பிறகு சில மாதங்கள் எனக்கு ஒரு தொந்தரவு இருந்தது. மல்லேஸ்வரம் மார்க்கெட்டில், பஸ்ஸில், பிள்ளையார் கோவில் அர்ச்சனைச் சீட்டு வரிசையில், யாராவது யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என் முதுகு நிமிர்ந்துவிடும். "தேவராஜ், பையைப் பிடி." திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைப்பேன். பார்ப்பேன். முதலில் முகத்தைப் பார்க்க மாட்டேன்; கையைப் பார்ப்பேன். இந்த ஊரில் எத்தனை தேவராஜ்கள் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்களில் எவனிடமாவது போய் நின்று நான் என்ன சொல்ல முடியும்?

சுகந்தி முதல் வகுப்பில் தேறினாள். வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. லோபோ மேடம் ஓய்வு பெற்று மங்களூருக்குப் போனார். 2003-ல் நானும் ஓய்வு பெற்றேன். அந்த வருடமே எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நல்ல இடம் காலியாகி, சுகந்தி அதற்கு வந்து சேர்ந்தாள். பழைய பெயர் அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள்.

2004 ஜனவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். என் மனைவி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சுகந்தி தம்ளரைத் தொடவில்லை.

"அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"ஓசூர்ல இருக்கா சார். தொண்ணூத்தொன்பதுல கல்யாணம் ஆச்சு. ரெண்டு பிள்ளைங்க. நல்லாத்தான் இருக்கா." கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "போன தீபாவளி சமயத்துல மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுல அவரைப் பாத்தேன் சார். தேவராஜை. டீக்கடையில நின்னுட்டிருந்தாரு. ரெண்டு கையும் மடிச்சு விட்டிருந்தாரு. இடது கையைப் பாத்தேன். ஒரு கீறல்கூட இல்ல."

தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அவரும் என்னைப் பாத்தாரு. பக்கத்துல வந்து, நல்லா இருக்கியாம்மா, அக்கா நல்லா இருக்காளான்னு கேட்டாரு. பொண்ணு பாக்க வந்தப்போ புதுச் சட்டை, கசங்கக்கூடாதுன்னு அவங்க அம்மா சொல்லி அனுப்பிச்சாங்களாம். சிரிச்சுக்கிட்டே அவரா சொன்னாரு சார். நான் கேக்கவே இல்ல."

உள்ளே மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"போன வாரம் 'தே' வரிசை கம்ப்யூட்டர்ல ஏத்தினோம். நான் தேடிப் போகல சார், அதுவா என் கையில வந்துச்சு. ஐந்தாவது அட்டை. சிவப்புக் கோடு." தலையை நிமிர்த்தினாள். "நான் கேட்ட அன்னைக்கு, நீங்க அந்த அட்டையைப் பாத்திருந்தீங்களா?"

லோபோ மேடத்திடம் சொன்ன பொய்யைத் திரும்பச் சொல்லும் வயதை நான் தாண்டியிருந்தேன்.

"பாத்திருந்தேன்."

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா."

அவள் அழுவாள், அல்லது எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். மடியில் இருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள். வாசலில் பால்காரர் சைக்கிளை நிறுத்தி மணி அடித்துவிட்டுப் போனார்.

"முந்தாநேத்து என் கிட்ட ஒரு அம்மா வந்தாங்க சார்" என்றாள். "மருமகனா வரப்போறவரு நம்ம ஆஸ்பத்திரியில என்னத்துக்கோ சேந்திருந்தாராம். என்னன்னு அவங்க கேக்கல. ஒண்ணும் பெரிசா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க, நான் நிம்மதியா போயிடுறேன்னாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பேரைச் சொன்னதுமே நான் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல சார். குடல்வால் ஆபரேஷன்."

"என்ன சொன்னே?"

"என்னால் எதுவும் சொல்ல முடியாதுன்னேன். உங்க குரல்லயே வந்துச்சு."

காபியில் ஆடை படிந்திருந்தது. அவள் அதை எடுத்துக் குடித்து முடித்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தம்மா என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, சரிம்மான்னு சொல்லிட்டுப் போனாங்க. இன்னும் கேட்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாங்க, கூப்பிட்டுச் சொல்லிடலாம்னு எந்திரிச்சேன் சார். மறுபடி உக்காந்துட்டேன்."